துவர்ப்பின் வயது

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதக் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்டோ நகரில் விடுதி அறை கிடைப்பது கடினம். உலகின் பல மூலைகளிலிருந்தும் ஒயின் வணிகர்களும் விமர்சகர்களும் அங்கே வந்து குவிகிறார்கள். அவர்கள் சுவைக்க வந்திருப்பது முழுமையாக உருவாகாத ஒரு பொருளை. முந்தைய செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சையிலிருந்து நொதித்த சிவப்பு ஒயின் அது. 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் கிடக்கிறது, இன்னும் ஓராண்டுக்கு மேல் அங்கேயே கிடக்கும். பிறகுதான் புட்டிக்குப் போகும். சிறந்த தோட்டங்களின் ஒயின் குடிக்கத் தக்க பதத்துக்கு வர அதற்கப்புறமும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். ஆனால் விலை சில வாரங்களில் முடிவாகிவிடும். வாங்குபவர் இன்று பணம் கொடுப்பார். சுமார் இரண்டு ஆண்டு கழித்துப் புட்டி அவர் கைக்கு வரும். 'ஆன் பிரிமர்' என்று பெயர் பெற்ற இந்த முன்விற்பனை முறை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஆறு மாத ஒயினை வாயில் வைத்து, அதன் இருபதாவது வயதைச் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை.

முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்கு எந்தப் புலனை நம்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒயின் என்றதும் மூக்கைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இளம் சிவப்பு ஒயினைப் பொறுத்தவரை மூக்கு சொல்வதில் பெரும்பகுதி சீக்கிரமே செல்லாமல் போய்விடும் செய்தி. நின்று நிலைக்கப்போவதைப் பற்றிச் சொல்வது கன்னத்தின் உட்புறமும் ஈறும் நாக்கின் மேற்பரப்பும்தான். அவை சொல்வது துவர்ப்பைப் பற்றி.

நாவற்பழம் தின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முதலில் இனிப்பு, உடனே ஒரு புளிப்பு. கொட்டையைத் துப்பும் நேரத்தில் நாக்கு ஊதாவாகி, வாய் முழுக்க இழுத்துப் பிடித்தது போல உலர்ந்துவிடும். நாக்கில் ஒட்டிய அந்த நிறம் ஆந்தோசயனின். வாயை உலர்த்துவதில் பெரும்பங்கு டானினுடையது. சிவப்பு ஒயினை உருவாக்கும் இரண்டு முக்கியப் பொருள் வகைகளும் இவையே. கறுப்புத் திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருக்கின்றன. அதனால்தான் சிவப்பு ஒயினைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க வைக்கிறார்கள். போர்டோவில் இந்த ஊறல் இரண்டு முதல் நான்கு வாரம் வரை நீளும்.

அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வந்தவர்கள் நாம். உடலியல் அறிஞர்களில் பெரும்பாலோர் இன்று அதைத் தொடு உணர்வோடு சேர்க்கிறார்கள். காரணம் உமிழ்நீரில் இருக்கிறது. நம் உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் நிறைய உண்டு. வாயின் உட்பரப்பை வழவழப்பாக வைத்திருப்பதில் இவற்றுக்கும், கோழை போன்ற மியூசின் புரதங்களுக்கும் பங்கு உண்டு. டானின் மூலக்கூறு இந்தப் புரதங்களைக் கண்டால் பல இடங்களில் பற்றிக்கொள்ளும். பற்றிய கூட்டம் கனத்து, கரைசலிலிருந்து பிரிந்து திரிந்துவிடும். வழவழப்புப் போனதும் நாக்கும் அண்ணமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் 'வாய் இழுக்கிறது' என்கிறோம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இளம் போர்டோ ஒயின் ஒரு மிடறை வாயில் பத்துப் பதினைந்து விநாடி சுழற்றிவிட்டு வெள்ளைப் பீங்கான் தொட்டியில் துப்பினால், ஊதா நீரினூடே கருஞ்சிவப்பு நூல்கள் தெரியும். சற்று நேரம் முன்பு வரை உமிழ்நீரில் கரைந்திருந்த புரதம், டானினோடு சேர்ந்து இழை இழையாகத் திரண்டு கிடக்கிறது. தேர்ந்த சுவைஞர்கள் துப்புவதற்குப் போதையைத் தவிர்ப்பதுதான் முதல் காரணம். ஆனால் துப்பியதும் அவர்களுடைய கவனம் வாய்க்குள்ளேயே தங்கிவிடுவதற்குக் காரணம் வேறு: துவர்ப்பு மெல்ல ஏறும் உணர்வு. இனிப்பு நாக்கில் பட்டவுடன் தெரியும், புளிப்பு அதன் பின்னாலேயே வரும். துவர்ப்பு தன் உச்சத்தை அடையும்போது ஒயின் பெரும்பாலும் வாயில் இருப்பதில்லை.

ஆகவே இளம் ஒயினைச் சுவைப்பதற்கு ஒரு கால வரிசை உண்டு. துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏறக்குறைய 50 மில்லி ஊற்றுவார்கள். 1977-இல் சர்வதேசத் தர அமைப்பு வரையறுத்த வடிவம் அது. ஒரு சிறு மிடறு. முதல் இரண்டு மூன்று விநாடியில் ஒரு மென்மையான இனிப்பு. ஒயினில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. அந்த இனிப்பில் பெரும்பங்கு ஆல்கஹாலுடையது. அடுத்து அமிலம் வந்து உமிழ்நீரைச் சுரக்க வைக்கும். பிறகு உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளிழுத்தால் ஆவியாகும் மணப்பொருள்கள் தொண்டை வழியே பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். கடைசியாக டானின். அது எங்கே பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது, விடும்போது வாய் ஈரமாகிறதா வறண்டே கிடக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு சுவைஞர்கள் இந்த இடத்தில் துணிக்கடைச் சொற்களைக் கையாளுகிறார்கள்: பட்டு, வெல்வெட், முரட்டுத் துணி. வெற்று அலங்காரம் அல்ல இது. உரசல் என்னும் தொடு உணர்வை வேறு எந்தச் சொல்லால் சொல்வது?

டானின் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட எப்படிப்பட்டது என்று கேட்பதில் பயன் அதிகம். விதையின் டானினும் தோலின் டானினும் ஒன்றல்ல. இரண்டும் கேட்டக்கின் போன்ற சிறு அலகுகள் கோத்த சங்கிலிகள்தான். தோலில் சங்கிலி நீளம், விதையில் குட்டை. விதை டானினில் கேலிக் அமிலம் தொற்றிய அலகுகள் கூடுதல். அது வாயில் முரடாக இருக்கும். மிகச் சிறிய அலகுகளோ துவர்ப்பதைவிடக் கசக்கும். தோலின் பொருள்கள் ஊறலின் தொடக்கத்திலேயே இறங்கிவிடும். விதை தாமதமாகத்தான் கொடுக்கும். ஆல்கஹால் ஏற ஏற அதன் கொடை அதிகமாகும். அறுவடைக்கு முன் தோட்டக்காரர்கள் பழத்தைத் தின்று, விதையைப் பல்லிடுக்கில் கடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். விதை பச்சையாக, பிசுபிசுப்பாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பழுப்பேறி, மொறுமொறுவென்று உடைந்தால் பறிக்கலாம். சர்க்கரை மட்டும் ஏறி விதை பழுக்காத ஆண்டுகளில், கவனமில்லாமல் நீண்ட நாள் ஊறப்போட்ட ஒயின் ஈறின் ஓரத்தில் பச்சையாக, கரகரப்பாகப் பிடிக்கும். அந்தப் பிடி இருபது ஆண்டிலும் முழுதாக விடாது.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையோடு மோத வேண்டியிருக்கிறது. இளமையில் எவ்வளவுக்கு முரடோ அவ்வளவுக்கு ஆயுள் என்பது போர்டோவில் நெடுங்காலம் ஓதப்பட்ட பாடம். 1975 அறுவடை ஒயின்கள் பீப்பாயிலேயே கடுந்துவர்ப்பாக இருந்தன. நீண்ட ஆயுளுக்கு அதுவே சான்று என்று பலர் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். விதிவிலக்கான சில தோட்டங்கள் தவிர, பெரும்பாலான புட்டிகளில் நடந்தது வேறு: பழத்தின் சுவை வற்றிப் போனது, துவர்ப்பு மட்டும் மிஞ்சியது. ஏழு ஆண்டு கழித்து 1982 வந்தது. சூடான செப்டம்பர், நிறைந்த விளைச்சல், குறைந்த அமிலம், பீப்பாயிலேயே இளகி இனிமையாக இருந்த ஒயின். இவ்வளவு மென்மையானது நிலைக்காது என்று அனுபவமுள்ள சிலரும் ஒதுக்கினார்கள். அப்போது பெரிதாக அறியப்படாத அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் இது மாபெரும் ஆண்டு என்று அழுத்தமாக எழுதினார். அவருடைய பெயர் நிலைபெற்றது அந்தத் தீர்ப்பால்தான். நாற்பது ஆண்டு தாண்டியும் 1982-இன் சிறந்த புட்டிகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் டானின் குறைவாக இருக்கவில்லை. நன்றாகப் பழுத்திருந்தது, அதைச் சுற்றிச் சதைப்பற்றும் இருந்தது. துவர்ப்பின் அளவை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியவில்லை.

இந்தச் சமநிலையை எண்ணிக்கையில் பிடிக்க முயன்றவர் எமில் பேனோ. 1912 முதல் 2004 வரை வாழ்ந்தவர். போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் பயிற்றுவித்தவர். தோட்டம் தோட்டமாகச் சென்று ஆலோசனை சொன்னவர். 1980-இல் வெளியான 'ஒயினின் சுவை' என்ற அவரது நூல் இத்துறையில் இன்றும் அடிப்படைப் பாடம். அவர் சொன்ன கணக்கு எளியது. ஆல்கஹால் ஒரு தட்டில். அமிலமும் டானினும் சேர்ந்து மறு தட்டில். ஆல்கஹாலின் அளவிலிருந்து மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் ஒயினின் இளக்கம் தெரியும். அமிலமும் டானினும் ஒன்றையொன்று கூர்மையாக்கும் என்பதால், டானின் மிகுந்த ஒயினுக்கு அமிலம் குறைவாக இருந்தால்தான் தாங்கும். ஆய்வகத்தில் இதைச் சரிபார்த்தவர்கள் இருக்கிறார்கள்: ஒரே அளவு டானின் உள்ள கரைசலில் அமிலத்தைக் கூட்டினால் வாய் அதிகமாக இழுக்கும், ஆல்கஹாலைக் கூட்டினால் துவர்ப்பு தணிந்து கசப்பு எழும்.

பேனோவின் இன்னொரு பெரும் பங்களிப்பும் இளம் ஒயினின் வாயோடு தொடர்புடையது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறிய பிறகு இரண்டாவதாக ஒரு மாற்றம் நடக்கும். ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா, பச்சை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான மேலிக் அமிலத்தை, மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. முன்பெல்லாம் அது தற்செயலாக நடந்தது. சில பீப்பாயில் நடக்கும், சிலதில் நடக்காது. சிறந்த சிவப்பு ஒயின் எல்லாவற்றுக்கும் இது தேவை என்றும், இதை நடத்தவும் கட்டுப்படுத்தவும் முடியும் என்றும் போர்டோ தோட்டக்காரர்களுக்குப் புரியவைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று ஏப்ரலில் சுவைக்கும் ஒயினில் இந்த மாற்றம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இனி மூக்கு. ஆறு மாத ஒயினில் எழும் பழ மணத்தில் ஒரு பகுதி திராட்சையுடையது அல்ல, ஈஸ்ட் உண்டாக்கியது. நொதிக்கும்போது பிறக்கும் எஸ்டர்கள் பளிச்சென்று மணக்கும். ஓரிரு ஆண்டில் சிதைந்து மங்கிவிடும். அதன் மேல் புதிய ஓக் மரத்தின் மணம்: வனிலின், தேங்காய் வாசனை கொண்ட லாக்டோன், உட்புறத்தை நெருப்பில் வாட்டியதால் வந்த புகை வாசம். அழகான மணங்கள்தான். ஆனால் அவற்றுக்கு விலை கொடுப்பது ஒப்பனைக்கு விலை கொடுப்பது. ஓக் மணம் ஒயினின் மற்ற எல்லாவற்றையும் மூடி நிற்கிறதா, அல்லது மரத்துக்குப் பின்னால் பழம் தெரிகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்வது நல்லது.

மூக்கை முழுமையாக நம்ப வேண்டிய இரண்டு இடங்களும் உண்டு. ஒன்று, பச்சைக் குடைமிளகாய் வாசனை. கபர்னே சொவின்யோன் திராட்சையில் இயல்பாகவே இருக்கும் மெத்தாக்ஸிபைரசின் வகைப் பொருளின் வேலை அது; லிட்டருக்கு 15 நானோகிராம் அளவு இருந்தாலே சிவப்பு ஒயினில் மூக்குக்குப் பிடிபடும். பழம் பழுக்கப் பழுக்க, குலையில் வெயில் படப்பட இது குறையும். ஆகவே இளம் ஒயினில் இது தூக்கலாக அடித்தால் பழம் பழுக்கவில்லை என்று பொருள். புட்டியில் வைத்தாலும் இது எளிதில் போகாது. மற்றொன்று, குதிரை லாயம், மருந்து வாசனை. பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் பீப்பாயில் குடியேறி எத்தில்பினால்களை உண்டாக்குகிறது. 1990-களில் போர்டோவில் பாஸ்கல் ஷாத்தோனே முதலானோர் இதைத் தெளிவாக நிறுவினார்கள். ஏப்ரலில் லேசாகத் தெரியும் இந்த வாசம், பராமரிப்பு சரியில்லாத நிலவறையில் அடுத்த கோடைக்குள் வளர்ந்துவிடும்.

கண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2001-இல் கில் மோரோ, ஃப்ரெடெரிக் ப்ரோஷே, டெனி டுபூர்டியூ மூவரும் வெளியிட்ட ஆய்வில், போர்டோவில் ஒயினியல் பயின்ற 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். நிறம் மணத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் கருத்துத் திரண்ட ஊதா நிறத்தைப் பார்த்ததும் 'அடர்த்தி' என்று குறித்துக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும். பர்கண்டியின் பினோ நுவார் திராட்சையில் நிறப்பொருள் இயல்பிலேயே குறைவு. அங்கே கண்ணாடி வழியே மறுபக்கம் தெரியும் வெளிர் ஒயின் முப்பது ஆண்டு தாங்கும். நிறத்தில் பார்க்கத் தக்கது விளிம்பு. கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் இளம் ஒயின் ஊதாவாக இருக்கும். ஆறே மாதத்தில் அங்கே செங்கல் நிறம் தட்டினால் எங்கோ காற்று அதிகமாகப் பட்டிருக்கிறது.

காலப்போக்கில் துவர்ப்பு ஏன் தணிகிறது என்பதற்கு முன்பு ஒரே பதில் சொன்னார்கள்: டானின்கள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகிப் படிந்துவிடுகின்றன. புட்டியின் அடியில் வண்டல் உண்டாவது உண்மை. ஆனால் கதை அவ்வளவு நேரானது அல்ல என்று இப்போது தெரிகிறது. ஒயினின் அமிலத்தில் சங்கிலிகள் அறுபடவும் செய்கின்றன. அறுந்த முனையில் ஆந்தோசயனின் வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியது நிறத்தை நிலைப்படுத்துகிறது. புரதத்தைப் பற்றும் தன்மையிலும் மாறிவிடுகிறது. பீப்பாய் மரத்தின் வழியே கசியும் ஆக்சிஜன் இந்தப் பிணைப்புகளுக்குத் துணை செய்கிறது. போதிய ஆந்தோசயனின் இல்லாத இளம் ஒயினில் டானின் மட்டும் மிகுந்திருந்தால் அதற்குத் துணை கிடைக்காது. முரடான ஒயின்கள் பல முரடாகவே முதுமை அடைவதை இது ஓரளவு விளக்குகிறது.

சுவைஞரின் வாயும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒரு மிடறு உமிழ்நீரின் புரதத்தைத் தீர்த்துவிட்டால், அது மீண்டும் ஊறுவதற்குள் எடுக்கும் அடுத்த மிடறு முந்தையதைவிடத் துவர்க்கும். ஒரே ஒயினைத் திரும்பத் திரும்பக் கொடுத்தே இதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உமிழ்நீர் குறைவாகச் சுரப்பவர்களுக்குத் துவர்ப்பு கடுமையாகவும் நீண்ட நேரமும் தெரியும். ஒரு காலைப் பொழுதில் ஐம்பது, அறுபது இளம் ஒயின்களை வரிசையாகச் சுவைக்கும் வாரத்தில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள்: வரிசையில் பின்னால் வந்த நல்ல ஒயின், முன்னால் வந்தவற்றின் துவர்ப்பையும் சுமக்கிறது. அங்கே பணிந்து ஒலிக்கும் ஒயின் தோற்றுப்போகும், உரத்து ஒலிப்பது ஜெயிக்கும். என்னைக் கேட்டால் இந்த முறையின் பெருங்குறை இதுதான். இடைவெளி விட்டு, வெறும் ரொட்டி தின்று, முக்கியமானவற்றை வரிசை மாற்றி மறுபடி சுவைக்காத தீர்ப்பை நான் நம்பமாட்டேன்.

வாயை விட்டுவிட்டு வானிலையைக் கேட்கலாம் என்றார் பிரின்ஸ்டன் பொருளியல் பேராசிரியர் ஆர்லி ஆஷென்ஃபெல்டர். குளிர்கால மழை கூடினால் நல்லது. வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் கூடினால் நல்லது. ஆகஸ்ட், செப்டம்பரில் மழை குறைந்தால் நல்லது. இவற்றோடு ஒயினின் வயதையும் சேர்த்துச் சமன்பாடு ஒன்றை அமைத்து, முதிர்ந்த போர்டோ ஒயின்களின் ஏல விலையோடு பொருத்திக் காட்டினார். 1990-இல் இது நாளிதழ்ச் செய்தியானபோது ஒயின் உலகம் கொதித்தது. 1989 அருமையான ஆண்டாக அமையும் என்று அவர் கணித்தது பலித்தது. 1986-ஐ அவர் சுமார் என்றார். ஆனால் போர்டோவின் மெடோக் பகுதியிலுள்ள சிறந்த தோட்டங்கள் சில அந்த ஆண்டில் செய்த ஒயின் நீண்டு நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பங்கு பிரிகிறது. ஆண்டைப் பற்றி மழைமானியும் வெப்பமானியும் நன்றாகவே சொல்கின்றன. அந்த ஆண்டின் எந்த நிலவறை விதையைக் கசக்கிப் பிழிந்தது, எது பொறுமையாக நின்றது என்பதை வாயில் வைத்துத்தான் அறிய வேண்டும்.

வாங்க வந்தவர்கள் கிளம்பிய பிறகும் நிலவறையில் சுவைத்தல் தொடரும்; அது இன்னும் கூர்மையானது. புட்டியில் நிரப்புவதற்கு முன் பல தோட்டங்கள் ஒயினைத் தெளிய வைக்கின்றன. மரபான முறையில், ஒரு பீப்பாய்க்கு ஐந்து அல்லது ஆறு கோழிமுட்டையின் வெள்ளைக் கருவைச் சிறிது உப்போடு அடித்துக் கலக்குவார்கள். முட்டைப் புரதம் டானினைப் பற்றிக்கொண்டு இழை இழையாக அடியில் படியும். மேலே தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். வாயில் உமிழ்நீர் செய்த வேலையை இங்கே முட்டை செய்கிறது, அதுவும் முரடான, பெரிய மூலக்கூறுகளை முதலில் பிடித்துக்கொண்டு. எத்தனை முட்டை என்பதற்குச் சூத்திரம் இல்லை. நிலவறைப் பொறுப்பாளர் சிறு கண்ணாடிக் குப்பிகளில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு முட்டை விகிதத்தில் கலந்து வைத்து, தெளிந்ததும் ஒவ்வொன்றாகச் சுவைக்கிறார். துவர்ப்பின் ஓரம் மழுங்க வேண்டும், நடு உடல் மெலியக் கூடாது. சில ஆண்டுகளில் மூன்று முட்டைக்கு மேல் ஒயின் தாங்காது. நன்றாகப் பழுத்த ஆண்டுகளில் முட்டையே வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் உண்டு.